ஒண்ணு குறையுது சார்!

ஃபைல் தள்ளும் வேலைக்கு நடுவே எனக்கு ஒருமுறை புத்தகம் எண்ணும் வேலை வந்தது. 1994-ல். எங்கள் கம்பெனி லைப்ரரியன் அடுத்த மாதம் ரிட்டயர்டு. அதற்குள் இருப்பைச் சரிபார்த்து சார்ஜ் ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் செட்டில்மென்ட்டில் கழித்துவிடுவார்கள்!

"தம்பி, நீங்க அலமாரியிலேர்ந்து நம்பர் படிங்க... நான் டிக் அடிக்கறேன்" என்றபடி தலையணை சைஸில் ஒரு நோட்டைப் பிரித்தார். எனக்குத் தும்மல் வந்தது. அதுதான் அக்சஷன் ரிஜிஸ்டர்.

நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்தால் நேரே அலமாரிக்குப் போகாது. முதலில் இந்த நோட்டில் ஏற வேண்டும். ஒரு பிரதிக்கு ஒரு வரி. ஒரே நாவல் மூன்று காப்பி வாங்கினால் மூன்று வரி, மூன்று நம்பர். பதிந்த தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், வருஷம், பக்கம், யாரிடம் வாங்கியது, பில் நம்பர், விலை எல்லாம் வரிசையாக வரும். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. "இந்த நம்பர் முதல் இந்த நம்பர் வரை பதிந்தாயிற்று" என்று பில்லிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கடைக்காரருக்குப் பணம்.

நம்பரைப் புத்தகத்திலும் எழுதுவார்கள். தலைப்புப் பக்கத்தின் பின்னால் ஒன்று. உள்ளே ஒரு 'ரகசியப் பக்க'த்தில் இன்னொன்று. முன் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் ஆள் அகப்படுவான்! எங்களுக்கு 27-ம் பக்கம்.

நைந்து போன புத்தகத்தைக் கழித்தால் அதன் நம்பரை இன்னொன்றுக்குத் தரக் கூடாது. நம் எம்ப்ளாயி நம்பர் மாதிரி. 'குறிப்பு' கட்டத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டு அந்த வரியை அப்படியே விட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் மெல்வில் டூயி காலத்து நூலகர்களுக்கு இதற்கென்றே தெளிவான, உருண்டையான கையெழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் நோட்டில் ஐந்து பேர் கையெழுத்து. அதில் ஒன்று டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன்! 1957 ஏப்ரல் வரை விலை ரூபாய், அணாவில் இருந்தது. அப்புறம் நயா பைசா.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய எஸ்.ஆர். ரங்கநாதன், நோட்டுக்குப் பதிலாகக் கார்டே போதும் என்றவர்.

"பெரியவர் சொன்னா சரிதான். ஆனா கார்டு தொலைஞ்சா அதை யார் எண்றது?" என்பது எங்காள் கட்சி.

மூன்று நாள் எண்ணினோம். டிக் விழாத வரிகள் பதினொன்று. ஆறு பைண்டிங்கில் இருந்தன. நாலு, மேனேஜர் ரூமில். பாக்கி ஒன்று: 2316. விலை பன்னிரண்டு ரூபாய்.

மத்திய அரசின் 2017 நிதி விதிகள், ஆயிரம் புத்தகம் புழங்கினால் ஐந்து தொலைவதை நியாயமான நஷ்டமாக ஏற்கின்றன, நேர்மைக் குறைவும் அலட்சியமும் இல்லாதவரை. எங்கள் கம்பெனியில் அந்தத் தாராளம் கிடையாது.

"பன்னெண்டு ரூபா பெரிசில்லே தம்பி. முப்பத்தோரு வருஷம் ஒண்ணுகூடத் தொலைச்சதில்லே..." என்றவர் அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ராத்திரி என் ரூமுக்குப் போனேன். ஜன்னலோரம், காபி டம்ளருக்கு அடியில் ஒரு புத்தகம். வயிற்றைக் கலக்கியது. "நாளைக்குத் தந்துடறேன் சார்" என்று எழுதாமல் எடுத்து வந்து எட்டு மாசம்! 27-ம் பக்கத்தைப் புரட்டினேன். 2316.

காலையில் முதல் வேலையாக நீட்டினேன். "அலமாரிக்குப் பின்னாடி விழுந்திருந்தது சார்."

பக்கத்தைப் பார்த்தார். டிக் அடித்தார். பேனாவை மூடிவிட்டு அட்டையைத் தடவினார்.

"அலமாரிக்குப் பின்னாடி யாரு தம்பி காபி குடிச்சது?"