கரி தின்ற பஸ்

1920-ஆம் வருஷத்தில் ஸ்ரீ ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை விட்டார். அதன் பின் சந்தைக்கும் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் கொங்கு நாட்டு ஜனங்கள் பஸ்ஸை நம்பியே புறப்படலாயினர். அத்தகைய நாட்டில் பெட்ரோல் அற்றுப் போனால் என்ன ஆகும்? 1941-ல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-ல் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளும் கைவிட்டுப் போயின. நம் ராஜதானியின் பஸ்களுக்குப் பின்புறம் கரி அடுப்பு முளைத்தது அக்காலத்தில்தான்.

உயரமான இரும்பு உருளையில் மரக்கரியை இட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரிவாயு உண்டாகும். அதைக் குளிரச் செய்து, தூசி போக வடிகட்டி, எஞ்சினுக்கு ஊட்ட வேண்டும். தொல்லை அங்கேதான். ஒரு ராத்தல் பெட்ரோலுக்குச் சுமார் 15 ராத்தல் காற்றைக் கலப்பது கார்ப்புரேட்டரின் வேலை. கரிவாயுவுக்கோ ஏறக்குறையத் தன் கன அளவுக்குச் சமமான காற்றே போதும். ஆகவே வேறொரு கலவை வால்வு தேவைப்பட்டது. வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். தண்ணீர் விட்ட பால்தான்! எஞ்சினின் வலு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறைந்தது. மேட்டில் பிரயாணிகள் இறங்கித் தள்ள நேர்ந்தது இதனால்தான்.

கலவையைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் கிளைக்குழாயிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்ரோல் துளிகள் ஆவியாக வேண்டுமென்று அக்குழாயைப் புகைக்குழாயின் சூட்டில் வைத்திருப்பார்கள். கரிவாயுவுக்கு அச்சூடே பகை. சூடான வாயு விரியும்; சிலிண்டருக்குள் சரக்குக் குறையும். பழைய குழாயை அப்படியே விட்டவர், ஏற்கெனவே மெலிந்த எஞ்சினை மேலும் மெலியச் செய்தார். குழாயைச் சூட்டிலிருந்து பிரித்தவருக்கு இழந்த வலுவில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

இக்கதையில் கிளீனர் பையனை யாரும் நினைப்பதில்லை. விடியுமுன் அடுப்பை மூட்டி, விசிறியைக் கையால் சுழற்றி, வாயு பற்றுகிறதா என்று பார்ப்பவன் அவனே. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டில் கசிந்தால் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். பஸ்ஸைத் திறந்த வெளியில் நிறுத்தி மூட்டுவதே அவனுக்குக் காப்பு. விறகுக்கும் கரிக்கும் கணக்கு எழுதிய முதலாளிகள் இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் நல்லது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் மெல்ல மெல்லக் கிடைக்கத் தொடங்கியதும் அடுப்புகளைக் கழற்றினார்கள். கார்ப்புரேட்டர் தன் இடத்துக்கு வந்தது. கிளைக்குழாயும் மறுபடி புகைக்குழாயின் சூட்டுக்குத் திரும்பியது.