மலைக்குப் புறப்படும் முன் வீட்டில் சொல்லிச் செல்லுங்கள்

கோடை விடுமுறை நெருங்கும்போது, “உதகைக்குப் போகலாமா, டாக்டர்? கொடைக்கானல் குளிர் ஒத்துக்கொள்ளுமா?” என்ற கேள்விகள் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழுகின்றன. பெரும்பாலோருக்கு நாங்கள் கூறும் விடை, “தாராளமாகச் சென்று வாருங்கள்” என்பதே. எனினும் தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் எனச் சமவெளியில் வாழும் நமக்கு மலையின் இயல்பு பழக்கமில்லை. அங்கு நேரும் இடர்கள் பலவற்றை முன்னேற்பாட்டால் தவிர்க்கலாம்.

2018 அக்டோபர் தொடக்கத்தில், சென்னையிலிருந்து சென்ற எழுவர் உதகையிலிருந்து மசினகுடி செல்லும் கல்லட்டி மலைப்பாதையில் காரில் இறங்கினர். முதுமலைப் பக்கம் செல்லும் இச்செங்குத்தான பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. இரண்டு நாள்களுக்குப் பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர் உயிரிழந்திருந்தனர், இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர்.

விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை மருத்துவர்கள் பொன்னான நேரம் என்பர். மலையில் அந்நேரம் தேடுவதிலேயே கழிந்துவிடக்கூடும். ஆகவே செல்லும் வழி, வண்டி எண், தங்கும் விடுதியின் தொலைபேசி எண், சென்றுசேரும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். குறித்த நேரத்திற்குள் அழைப்பு வராவிட்டால், விடுதியையும் காவல்துறையையும் அவர் உடனே தொடர்புகொள்ள வேண்டும். இறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே மெல்ல இறங்க வேண்டும். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படுவதையும் நினைவிற்கொள்க.

அதே ஆண்டு மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர். அவர்களுள் சென்னையிலிருந்து சென்றோரும் இருந்தனர். கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீ, சரிவின் மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். மனிதர் ஓடி அதை வெல்ல இயலாது. வனத்துறை அனுமதித்த பாதையில், வழிகாட்டியுடன் மட்டுமே செல்லுங்கள். துறை பாதையை மூடினால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் தூய நீரை ஓடவிடுங்கள். பற்பசையோ மையோ தடவ வேண்டாம்.

இனி, நோயாளிகளுக்குச் சில சொற்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலும், தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உதகைக் காற்றில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், தாம்பரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. நலமாக உள்ளவர் இதைப் பெரிதாக உணர்வதில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, கடும் இரத்தசோகை உள்ளவர்களோ சில அடி நடப்பதற்குள் மூச்சு வாங்குவர். இவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்பது நன்று. குளிர்காற்று ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால், இன்ஹேலர் பெட்டிக்குள் அன்றிக் கைப்பையில் இருக்கட்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மலைப்பாதையில் வரும் வாந்தியே பெரிய இடர். காலையில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தபின் உண்டதெல்லாம் வெளியேறினால் சர்க்கரை வெகுவாகக் குறையும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால் விழிப்புடன் உள்ளவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீர் கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் இன்சுலினை விட்டுச் செல்லாதீர்கள்.

பாம்பு கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கே தரும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பயணத்திற்கு இரண்டு வாரம் முன்பாக, உங்கள் மருந்துச் சீட்டுடன் எங்களிடம் ஒருமுறை வாருங்கள். எந்த மருந்தை எவ்வளவு எடுத்துச் செல்வது, எந்த அறிகுறி கண்டால் உடனே கீழிறங்குவது என்பதை ஒரே தாளில் எழுதித் தருகிறோம். அத்தாளின் படி ஒன்றை உடன் வருபவரிடமும் கொடுத்து வையுங்கள்.