கம்ப்யூட்டர் தெரியவில்லையா, திறக்கவில்லையா?

குடும்பப் புகைப்படங்கள் ஹாலில் உள்ள டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. அவற்றை உள்ளறை லேப்டாப்பில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில்தான் ஓடுகின்றன. ஆனால் லேப்டாப்பில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் வெறிச்சோடிக் கிடக்கிறது. சில வீடுகளில் டெஸ்க்டாப்பின் பெயர் தெரியும்; அதை அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணி, கண்ணில் பட்ட யூடியூப் யோசனைகளை எல்லாம் வரிசையாகச் செய்து பார்ப்பவர்கள்தான் அதிகம். பட்டியலில் பெயர் தெரியாதது ஒரு நோய், கோப்பு திறக்காதது வேறு நோய். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது.

முதலில் அந்தப் பட்டியலின் கதை. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. அதன் முதல் பதிப்பு கோலோச்சிய நாட்களில், யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்திருக்க, கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதற்குத் தொழில்நுட்ப ஆவணங்களில் இருந்த பெயரே 'எலெக்‌ஷன்'தான்! ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 12 நிமிடங்களுக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். மூன்று முறை தொடர்ந்து அறிவிப்பு வராவிட்டால்தான் பெயர் நீங்கும். ஆக, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்ட கம்ப்யூட்டர்கூட அரை மணி நேரத்துக்கு மேல் பட்டியலில் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்திலேயே அந்தப் பட்டியல் அவ்வளவு நம்பகமானதல்ல.

2017 மே மாதம் 'வன்னாக்ரை' என்ற பிணைத்தொகை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது எஸ்.எம்.பி. முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கம்ப்யூட்டர்கள் ஏராளம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து அந்த முதல் பதிப்பு ஒதுக்கப்பட, அதை நம்பியிருந்த பழைய பட்டியல் முறையும் கூடவே போனது. வீட்டுக் கம்ப்யூட்டர்களை எளிதாக இணைத்துவந்த 'ஹோம்குரூப்' வசதியை 2018-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது பெயர்களைக் காட்டும் வேலையை 'ஃபங்ஷன் டிஸ்கவரி' என்று தொடங்கும் இரண்டு பின்னணிச் சேவைகள் பார்க்கின்றன. அவற்றில் ஒன்று ஓடவில்லை என்றாலும் நெட்வொர்க் பகுதி காலியாகத் தெரியும். கோப்புப் பகிர்வோ பழுதில்லாமல் இருக்கும்.

அதனால் பட்டியலை மறந்துவிட்டு, முகவரியைக் கொண்டு நேராகப் போய்ப் பார்ப்பதே முதல் சோதனை. டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் அமைப்புகளில் ஐபிவி4 முகவரி என்று ஓர் எண் இருக்கும். அது 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டியில் \\192.168.1.5 என்று தட்டி என்டரை அழுத்துங்கள். பகிர்ந்த ஃபோல்டர் திறந்துவிட்டால் கோளாறு பட்டியலில் மட்டும்தான். அந்த ஃபோல்டருக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டு, டெஸ்க்டாப்பின் முகவரி மாறாதபடி ரூட்டரில் ஒதுக்கீடு செய்துவிட்டால் போதும். மெனக்கெட வேறொன்றும் இல்லை.

திறக்காமல், 80070035 என்று முடியும் பிழை எண்ணோடு 'பாதை கிடைக்கவில்லை' என்று வந்தால், செய்தி டெஸ்க்டாப்பைச் சென்றடையவில்லை என்று பொருள். அது தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி அதுதான் காரணம். அடுத்து, இரண்டு கம்ப்யூட்டர்களின் முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால், அவை ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை. ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி ஒன்று, சிக்னல் போதவில்லை என்று கடையில் வாங்கி மாட்டிய ரூட்டர் இன்னொன்று என்றிருக்கும் வீடுகளில் இது சகஜம். இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினால் தீரும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று அணுக முடியாது. அந்த வசதி அதற்காகவே இருக்கிறது.

முகவரிகள் சரியாக இருந்தும் வழி அடைபட்டிருந்தால் சந்தேகம் ஃபயர்வால் மேல். விண்டோஸ் ஒவ்வொரு வைஃபையையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என்று வகை பிரிக்கிறது. பப்ளிக் என்றால், ரயில் நிலைய வைஃபையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, கோப்புப் பகிர்வுக்கான 445-ம் எண் போர்ட்டை மூடி வைக்கும். வீட்டு வைஃபையை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் பிரைவேட் என்று மாற்றுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடு என்ற யோசனையை மட்டும் கேட்காதீர்கள். காரணம் ஃபயர்வால்தானா என்று ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்து, உடனே திரும்பப் போடுவது வேறு விஷயம்.

பாஸ்வேர்டு கேட்டு நின்றால் மகிழ்ச்சி அடையலாம்: பாதை திறந்திருக்கிறது. கேட்கப்படுவது லேப்டாப்பின் பாஸ்வேர்டு அல்ல, டெஸ்க்டாப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். தினமும் தட்டி உள்ளே நுழையும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே எடுபடாது. அது அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிக்காது. என் யோசனை, டெஸ்க்டாப்பில் பகிர்வுக்கென்றே தனியாக ஓர் உள்ளூர்க் கணக்கைப் பாஸ்வேர்டுடன் உருவாக்குவது. சொந்த மின்னஞ்சல் பாஸ்வேர்டை வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் தட்ட வேண்டியதில்லை. அண்மையில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், லேப்டாப்பின் 'கிரெடென்ஷியல் மேனேஜரில்' பழையது தங்கியிருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பாஸ்வேர்டு பாதுகாப்பையே நீக்கி, யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று விடுவது பழைய குறுக்குவழி. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 வெளியீட்டில், ப்ரோ பதிப்பு அடையாளமற்ற விருந்தினர் இணைப்பைத் தானாகவே மறுக்கிறது. நேற்றுவரை ஓடிய பகிர்வு அப்டேட் ஆனதும் நின்றுபோன பல வீடுகளில் நடந்தது இதுதான்.

ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்றால் அனுமதிகளைப் பாருங்கள். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' பக்கத்தில் ஓர் அனுமதி, 'செக்யூரிட்டி' பக்கத்தில் இன்னோர் அனுமதி. இரண்டில் எது கறாரானதோ அதுவே செல்லும். ஷேரிங்கில் எல்லாருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி பக்கத்தை எட்டிப் பார்க்காதவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். எரிச்சலில் மொத்த டி டிரைவையும் பகிர்ந்துவிடுபவர்களும் உண்டு. லேப்டாப்பில் ஒரு பிணைத்தொகை வைரஸ் புகுந்தால், எழுதும் உரிமையோடு பகிர்ந்த அனைத்தையும் அது பூட்டிவிடும். புகைப்பட ஃபோல்டருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்; பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் போட வேறொரு ஃபோல்டரை எழுதும் உரிமையோடு வையுங்கள்.