துப்பாக்கிக் கட்டையும் உலக்கைப் பூணும்

வயலைக் கிளறிப் பாழாக்கும் காட்டுப்பன்றிகளைப் பற்றி 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரையும் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இந்த முடிவு மாற்றவில்லை. இந்தச் செய்தியை ஒட்டி, புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கார்பன் இழையில் செய்த வேட்டைத் துப்பாக்கிக் கட்டை அவ்வளவு லேசாக இருக்கிறது என்று விளம்பரங்கள் வருகின்றனவே, இரவெல்லாம் தோளில் சுமந்து அலைகிறவருக்கு எடை குறைந்தால் நல்லதுதானே, குறி பார்ப்பதும் சுலபமாகிவிடாதா? கேள்வியின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி விற்பவர்கள் நம் காதில் போட்டது. லேசான துப்பாக்கி சுமக்க எளிது, சுடக் கடினம். அதைவிட முக்கியம், எத்தனை கிலோ என்ற எண்ணை விட அந்தக் கிலோக்கள் துப்பாக்கியில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் குறியைத் தீர்மானிக்கிறது.

முதலில் உதையை முடித்துவிடலாம். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்து, அதைப் புத்தகங்களாகவும் எழுதிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் தள்ளும் துப்பாக்கி அது. குண்டின் உந்தத்தோடு பின்னாலேயே பீறிடும் வெடிவாயுவின் உந்தத்தையும் கூட்டினால், மூன்றே முக்கால் கிலோ துப்பாக்கி நொடிக்கு நான்கரை மீட்டருக்கு மேல் வேகமெடுத்துத் தோளை இடிக்கிறது; ஆற்றல் கணக்கில் சுமார் 39 ஜூல். அதே தோட்டாவை வைத்துக்கொண்டு துப்பாக்கியில் ஒரு கிலோவைக் குறைத்தால் அது 54 ஜூல் ஆகும். போதாக்குறைக்கு அந்தத் துப்பாக்கியின் தோள்முனை பிறை வடிவில் வளைந்த இரும்புத் தகடு. ஒருமுறை வாங்கிய உதையை உடம்பு மறக்காது; அடுத்த முறை விசையை இழுக்கும்போது கண் தானாக மூடும், தோள் முன்கூட்டியே சுருங்கும், குறி போய்விடும். ராணுவத்தில் எடையைக் குறைக்கத்தானே பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். ஆவூருக்கு அதிகத் தூரமில்லாத திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தயாரிக்கும் டிஏஆர் ரகத்தை எடுத்துக்கொள்வோம். அது சுடும் 7.62×39 தோட்டாவின் குண்டு 8 கிராம்தான். உதையின் ஆற்றல் ஆண்டர்சனின் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ராணுவம் தோட்டாவைச் சிறிதாக்கிய பிறகே துப்பாக்கியை லேசாக்கும் பேச்சுக்கு வந்தது. கனமான தோட்டாவை அப்படியே வைத்துக்கொண்டு கட்டையை மட்டும் இளைக்க வைக்கிறவர்கள் வாங்குகிறவரின் தோளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உதை மட்டும்தான் காரணம் என்றால், உதையே இல்லாத துப்பாக்கி லேசாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் சுடப்படும் ஈயக் குண்டு அரை கிராம் சொச்சம். தோளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விதிப்படி அந்தத் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம், ஆண்டர்சன் புலிக்கு எடுத்துப் போனதைவிட ஒன்றரை கிலோவுக்கும் அதிகம். கடலூரில் பிறந்து 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் குறிவைக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். இந்தப் பந்தயத்தில் எடையைக் குறைக்க ஒருவரும் தவிப்பதில்லை. மாறாக, சின்னச் சின்ன உலோக வில்லைகளை வாங்கிக் குழலின் முன்பக்கத்திலும் கட்டையின் பின்முனையிலும் திருகி, இடம் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். நடுவில் மாட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏன் முனைகளில்?

உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே எடையில் ஓர் அம்மிக் குழவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நடுவில் ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்குவதில் வித்தியாசம் இல்லை. மணிக்கட்டைச் சட்டென்று இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் குழவி சொன்னபடி திரும்பும். உலக்கை முரண்டு பிடிக்கும். பதினோராம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்: நடுவிலிருந்து ஒவ்வொரு துளி எடையும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் இருமடி கணக்கில் வருகிறது. இரண்டு மடங்கு தள்ளி வைத்த ஒரு கிராம், நான்கு கிராமாக எதிர்க்கும். உலக்கையின் இரு முனையிலும் இருக்கும் இரும்புப் பூண் மரம் பிளக்காமல் இருக்கப் போட்டதுதான். ஆனால் போட்ட இடம் இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. அந்தப் பூண்கள் இரண்டையும் கழற்றி நடுவில், கைப்பிடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் தராசு ஒரு குன்றிமணி வித்தியாசம் காட்டாது, உலக்கையோ குழவியின் குணத்துக்கு வந்துவிடும். நெல் குத்துகிறவர் அதைக் கொண்டு ஒரு படி குத்துவதற்குள் உலக்கை உரலின் விளிம்பை நாலு தடவை முத்தமிட்டிருக்கும். வீட்டில் சண்டை வரும். குற்றம் உலக்கை மேல் விழாது. இப்போது உலக்கையைத் தோளில் சாய்த்துக் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். துப்பாக்கி கிட்டத்தட்ட தயார்.

எண்களிலும் பார்த்துவிடலாம். 1.1 மீட்டர் நீளம், 3.5 கிலோ எடை, முழு நீளத்துக்கும் ஒரே சீராகப் பரவியது என்று ஒரு துப்பாக்கியை எளிமையாக்கிக்கொள்வோம். அதன் நடுவில் 300 கிராம் சேர்த்தால் எடை எட்டரை சதவீதம் கூடும், திரும்புவதற்கான எதிர்ப்பு கூடாது. அதே 300 கிராமை ஆளுக்குப் பாதியாக இரு முனைகளில் வைத்தால் எதிர்ப்பு 26 சதவீதம் எகிறும். சுமக்கிறவருக்கு இரண்டும் ஒரே சுமை. இந்த எதிர்ப்பு எதற்குப் பயன்படுகிறது? மனிதக் கை ஓயாமல் நடுங்குகிறது, நொடிக்கு 8 முதல் 12 முறை. குழலின் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் 100 மீட்டரில் குண்டு 9 சென்டிமீட்டர் தவறும். நடுக்கம் தரும் முறுக்கு ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைத் திருப்பத் தொடங்குகிறது. அது மெல்ல அசைவெடுப்பதற்குள் முறுக்கின் திசை மாறிவிடுகிறது. எதிர்ப்பு அதிகமானால் அசைவு சிறிதாகும். மூச்சோடும் நிற்கும் நிலையோடும் வரும் மெதுவான ஆட்டத்தை மட்டும் இந்தத் தந்திரம் தடுக்காது; அதற்கு நேரம் இருக்கிறது, துப்பாக்கி கையின் பின்னாலேயே போய்விடும். அங்கே உதவுவது மூச்சை நிதானிப்பதும், ஒரு மரத்திலோ மடியிலோ முழங்கையை ஊன்றுவதும்தான்.

அப்படியானால் எடையைக் கூட்டிக்கொண்டே போகலாமா? முடியாது. தசை தூக்கும் பாரம் கூடக் கூட, களைப்பு ஏற ஏற, நடுக்கமும் பெருகுகிறது. ஏர் ரைபிள் வீரர் முதுகை வளைத்து, முழங்கையை இடுப்பில் ஊன்றி, எலும்பின் மேல் துப்பாக்கியை வைத்து நிற்கிறார், அதற்கென்றே தைத்த கனமான மேலங்கியோடு. கரம்பைக் காட்டில் இருட்டில் நடந்து வந்து மூச்சு வாங்க நிற்கும் வனக்காவலருக்கு அந்த வசதி இல்லை. தவிர, ஓடும் பன்றியைப் பின்தொடர்ந்து குழலைத் திருப்ப வேண்டியிருந்தால், முரண்டு பிடிக்கும் உலக்கை உதவாது, குழவிதான் வேண்டும். பறவை வேட்டைக்குச் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் எடையை இரு கைகளுக்கு நடுவே திரட்டியதற்கு இதுவே காரணம். ஆக, ஒரே துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சிறந்தது என்று சொல்லும் விளம்பரம் எதுவானாலும் பக்கத்தைப் புரட்டிவிடலாம். தொலைநோக்கி பொருத்தினால் எடைப் பிரச்சினையே இல்லை என்பாரும் உண்டு. தொலைநோக்கி குறியையும் பெரிதாக்குகிறது, நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. கண்ணுக்குத் தெரிவது கூடுகிறதே ஒழிய அசைவு குறைவதில்லை. முனையில் துளையிட்ட உதைத்தணிப்பான் உதையை உண்மையிலேயே குறைக்கும். ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் சத்தம் சுடுகிறவரின் காதுக்கே வந்து சேரும்.

சரித்திரம் என்று பெரிதாக இல்லை, சம்பிரதாயத்துக்குச் சொல்லிவைக்கலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895 மாதிரி வின்செஸ்டருக்கு 1904இல் .405 தோட்டா வந்தது. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் அதைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்கா போனார். அக்காலக் கட்டைகள் பெரும்பாலும் அக்ரூட் மரம். 1959இல் ரெமிங்டன் நைலான் கட்டையோடு ஒரு .22 துப்பாக்கியை விற்றது. அதன் பின் கண்ணாடி இழை, கார்பன் இழை என்று வரிசையாக வந்தன.

செயற்கைக் கட்டைக்கு நியாயமான ஒரு பெருமை உண்டு. விளம்பரம் அதைச் சின்ன எழுத்தில் போடுகிறது. மரம் ஈரத்தில் ஊதி, காய்ச்சலில் சுருங்கும். ஊதிய கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்தினால், ஆடியில் சரியாக இருந்த குறி ஐப்பசியில் இருக்காது. கார்பன் இழைக்கு அந்தத் தொல்லை இல்லை. கொட்டை எழுத்தில் வரும் எடைக் குறைப்பில்தான் கோளாறு. பின்கட்டையைக் குடைந்து கூடாக்கினால், குழலின் எஃகு அப்படியே இருக்க, பின்னால் மட்டும் பாரம் போகிறது. சமநிலைப் புள்ளிக்கு 35 சென்டிமீட்டர் பின்னாலிருந்து 250 கிராமை எடுத்தால், மூன்றரைக் கிலோ துப்பாக்கியின் சமநிலைப் புள்ளி இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் முன்னோக்கி நகரும். குழல் கவிழும், முன்கை அதை ஏந்தியே களைக்கும். பிறகு வாங்கியவர் கட்டையின் கூட்டுக்குள் ஈயக் குண்டுகளை நிரப்பிச் சமன்செய்கிறார். கூடுதல் விலை கொடுத்துக் குறைத்த எடையை, மறுபடி காசு கொடுத்து உள்ளே ஏற்றுகிறார் என்று அர்த்தம்.

துப்பாக்கி விற்கிறவர் எடையைச் சொன்னால் அதோடு நிறுத்தவிடாதீர்கள். சமநிலைப் புள்ளி எங்கே என்று கேளுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியை ஒரே கயிற்றில் தொங்கவிட்டால் ஒரு நிமிடத்தில் அது தெரிந்துவிடும். திரும்புவதற்கான எதிர்ப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். இரண்டு இணைக் கயிறுகளில் கிடையாகத் தொங்கவிட்டு, லேசாக முறுக்கிவிட்டு அலைவு நேரத்தை அளந்தால் அந்த எண்ணும் கிடைக்கும். இந்தச் சோதனைக்குக் கல்லூரி ஆய்வகமே போதும். அதைச் செய்து காட்டாத எடைக் குறைப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.