ரோமாபுரியில் முதல் மாலைப் பொழுது

ரோமாபுரியின் நவோனா சதுக்கத்து நடுவே, பெர்னினி என்னும் மகாசிற்பி 1651-இல் நிறைவேற்றிய நான்கு நதிகளின் நீரூற்று நிற்கிறது. அதில் நீண்ட துடுப்பொன்றைத் தாங்கிச் சாய்ந்திருக்கும் தாடிக்காரப் புருஷன் நம்முடைய கங்கை நதியின் உருவமே என்று அறியும்போது, அன்று காலையில்தான் விமானத்திலிருந்து இறங்கிய நம்மவர்க்கு உண்டாகும் பரவசம் சாமானியமானதன்று. அந்தப் பரவசத்தோடு சாவகாசமாக உலாவுவதற்குத்தான் முதல் நாள் மாலை. ஆனால், உறக்கமிழந்த கண்களோடு மேலே அண்ணாந்து பார்த்தவாறு நடக்கும் புதியவரைக் காட்டிலும் எளிதாக ஏமாற்றத் தக்கவர் அந்நகரத்தில் வேறெவரும் இல்லை. இத்தாலியச் சட்டம் பல சந்தர்ப்பங்களில் பிரயாணியின் பக்கம் நிற்கிறது. எனினும் வாய் திறந்து கேட்பவருக்கும், கையில் அத்தாட்சி வைத்திருப்பவருக்குமே அது உதவும் என்பதை நம்மவரில் அநேகர் அறியாதிருப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.

போஜன விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2009-இல், இதே நவோனா சதுக்கத்தின் அருகே மதிய உணவு உண்ட ஒரு ஜப்பானியத் தம்பதியிடம் ஏறக்குறைய 700 யூரோ வசூலிக்கப்பட்டது. அவர்கள் வாளாவிராமல் புகார் செய்ததால், அதிகாரிகள் அந்த உணவகத்தையே மூடிவிட்டார்கள். விலைப்பட்டியலை வாசலில் வாடிக்கையாளர் காணும்படி வைக்கவேண்டியது உணவகத்தாரின் கடமை. பட்டியல் இல்லாத இடத்தில் அமராதிருப்பதே உசிதம். மீனின் விலை பெரும்பாலும் நூறு கிராமுக்கு இவ்வளவு என்றுதான் எழுதப்பட்டிருக்கும்; அதை ஒரு தட்டின் விலையென்று எண்ணிக்கொண்டவர்கள் பில் வந்ததும் திகைத்துப் போகிறார்கள். ஆகையால், சமைக்கும் முன்பே எடை என்ன, மொத்தம் என்ன என்று கேட்டுவிட வேண்டும். ரோமாபுரி அடங்கிய லாட்சியோ பிரதேசத்தில், மேசையில் அமர்ந்ததற்காகத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் 'கொப்பெர்த்தோ' என்ற கட்டணத்தை 2006-ஆம் ஆண்டின் பிரதேசச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆயினும் ரொட்டி என்றும் சேவைக் கட்டணம் என்றும் வேறு பெயர்களில் அது பில்லில் தலைகாட்டுவதுண்டு. கேளாமலே கொண்டுவந்து வைத்த ரொட்டியை வேண்டாமென்று திருப்பியனுப்பலாம். காப்பிக் கடையில் நின்றபடி பருகினால் ஒரு விலை, மேசையில் அமர்ந்து பருகினால் வேறு விலை. இது மோசடியன்று, அவ்வூர் வழக்கம்.

நம்மீதும் சில கடமைகள் உண்டு. ஸ்பானியப் படிக்கட்டுகளில் களைப்பாறச் சற்றே உட்காருவதுகூட 2019 முதல் குற்றம்; 250 யூரோ அபராதம், படியை அசுத்தப்படுத்தினால் 400 வரை. த்ரேவி நீரூற்றில் காசு எறியலாம், காலை நனைக்கலாகாது. நடைபாதையில் துணி விரித்து விற்கும் போலிக் கைப்பைகளை வாங்கினால், விற்றவரோடு வாங்கியவரும் தண்டனைக்குரியவர். அபராதம் 7,000 யூரோ வரை போகக்கூடும்.

டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64-ஆம் எண் பஸ் ஜேப்படிக்காரர்களுக்குப் பேர்போனது; பையை முதுகில் அன்றி மார்பின் மேல் அணிந்து ஏறுங்கள். சிநேகத்தோடு சிரித்தபடி மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். முடிச்சு விழுந்த மறுகணமே பணம் கேட்பார். சாதாரண உடையில் வந்து, தாம் போலீஸ் என்றும் கள்ள நோட்டைச் சோதிக்க வேண்டுமென்றும் சொல்லிப் பணப்பையைக் கேட்பவரிடம் அதை ஒருபோதும் கொடுக்கலாகாது. உண்மைப் போலீஸார் அடையாள ஆவணம் கேட்டால் காட்ட வேண்டியது வெளிநாட்டாரின் கடமை. ஆனால் அவர்களுடைய அத்தாட்சி அட்டையைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. சந்தேகம் தீராவிட்டால் 112-ஐ அழையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏதேனும் நேர்ந்துவிட்டால், முதற்காரியம் வங்கி அட்டைகளை நிறுத்துவது. அடுத்தது, காராபினியேரி என்னும் காவற்படையின் நிலையத்திலோ போலீஸ் நிலையத்திலோ 'தெனுன்ச்சா' என்ற எழுத்துமூலமான புகாரைப் பதிவு செய்து, முத்திரையிட்ட பிரதியை வாங்கிக்கொள்வது. பணம் திரும்பாதே என்று சலித்து இதை விட்டுவிடுபவர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் முன்னிலையில் வெறுங்கையோடு நிற்க நேர்கிறது. பாஸ்போர்ட்டை இழந்த இந்தியர் அந்தப் பிரதியோடு ரோமாபுரியிலுள்ள தூதரகத்தையோ மிலான் நகரத்துக் கான்சல் அலுவலகத்தையோ அணுகினால், தாய்நாடு திரும்புவதற்கு அவசரப் பிரயாணச் சான்றிதழ் பெறலாம். இலங்கையருக்கும் அவ்விரு நகரங்களிலும் அலுவலகங்கள் உள்ளன. பாஸ்போர்ட்டின் நகலொன்றை விடுதி அறையில் தனியே வைத்திருந்தால் இந்தக் காரியம் துரிதமாக முடியும்.