துணி வெட்டும் மெஷின் வாங்கலாமா?



போன மாதம் நம் கூட்டமைப்புக்கு ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. கரூர்ப் பக்கம் பேட்ச் ஒர்க் போர்வை தைக்கும் குழு. பெட்ஷீட் கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத் துணியைக் கிலோ கணக்கில் வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று தைத்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வையாக்குகிறார்கள். அவர்களுக்கு டை கட்டிங் மெஷின் வேண்டுமாம். மெஷின், நாலு டை, வண்டிச் சத்தம் எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய்.

"கத்திரிக்கோல் பிடிச்சுப் பிடிச்சு கை மரத்துப் போகுதுங்க. மெஷின் வந்தா ரெண்டு மடங்கு தைப்போம்" என்றார் குழுத் தலைவி.

தீர்மான நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் கடனைக் கட்டப்போவது 14 பெண்கள். அதனால் எங்களில் இரண்டு பேர் நேரில் போய் ஒரு நாள் முழுக்க அவர்களோடு உட்கார்ந்தோம். பை, குழந்தைத் துணி, துணி நாப்கின் தைக்கும் குழுக்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால் பார்த்ததை எழுதுகிறோம்.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது? பூரி மாவைத் தேய்த்து டப்பா மூடியை வைத்து அழுத்தி வட்டம் எடுக்கிறோம் அல்லவா, அதே வேலைதான். மூடிக்குப் பதில் டை. வேண்டிய வடிவத்துக்கு வளைத்த, விளிம்பு கூரான எஃகுப் பட்டை அது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கையால் சுற்றுவது. ஒரு பலகையில் ஸ்பாஞ்சு ஒட்டி அதற்குள் கத்தி ஒளிந்திருக்கும். அதன்மேல் துணியை விரித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து, கரும்பு ஜூஸ் மெஷினில் கரும்பு விடுவதுபோல இரண்டு உருளைக்கு நடுவே அனுப்ப வேண்டும். பருத்தித் துணி என்றால் ஒரு தடவைக்கு ஆறு மடிப்பு வரை வெட்டும். இன்னொன்று பெரிய பிரஸ். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தோல் வெட்டுவது இதில்தான். கை உள்ளே மாட்டாதபடி இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் மாதிரி இதில் வைத்திருப்பார்கள். அது கம்பெனிக்கான சாமான், வீட்டு கரண்டில் பெரும்பாலும் ஓடாது. நம் குழு கேட்டது கையால் சுற்றும் வகை.

ஒரு விஷயத்தை விற்பவர்கள் அழுத்திச் சொல்ல மாட்டார்கள். ஒரு டை ஒரே அளவைத்தான் வெட்டும். நாலரை அங்குலச் சதுரத்துக்கு ஒரு டை, முக்கோணத்துக்கு வேறு டை, அறுகோணத்துக்கு இன்னொன்று. டிசைன் மாறினால் மறுபடியும் செலவு. மெஷினை விட டைக்குத்தான் காசு போய்க்கொண்டே இருக்கும்.

அன்று நாங்கள் செய்த வேலை, கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதியதுதான். அவர்கள் தைப்பது 60 அங்குல அகலம், 88 அங்குல நீளம். தைத்தபின் நாலு அங்குலமாக நிற்கும் சதுரங்கள், வரிசைக்கு 15, மொத்தம் 22 வரிசை. அதாவது ஒரு போர்வைக்கு 330 துண்டு. நடந்துகொண்டிருந்த வேலையைப் பார்த்தும், அவர்களைக் கேட்டும் ஒரு போர்வைக்கான மணிக்கணக்கைப் போட்டோம். துணி பிரித்து அயர்ன் பண்ண 2 மணி நேரம். அட்டை வைத்துக் கோடு போட்டு வெட்ட 5 மணி நேரம். துண்டுகளைச் சேர்த்துத் தைக்க 9. பஞ்சு வைத்து மேல் தையல் ஓட்ட 6. ஓரம் கட்ட 2. ஆக 24 மணி நேரம்.

மெஷின் வந்தால் குறைவது அந்த 5 மணி நேரத்தில் மட்டும்தான். மடிப்பு விரித்து அடுக்கும் நேரம் மெஷினிலும் உண்டு. அதனால் ஒன்றரை மணி என்று வைத்தோம். மிச்சம் மூன்றரை மணி நேரம். அவர்கள் மாதம் விற்பது நாலு போர்வை. நாலுக்கும் சேர்த்து 14 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டால் 700 ரூபாய். 90,000 ரூபாய்க் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டி மட்டும் 900 ரூபாய். அசல் தனி.

இதைச் சொன்னதும் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். ஒரு உறுப்பினர் மட்டும், "நேரம் மிச்சமானா அதிகமா தைக்கலாமில்லைங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அலமாரியைத் திறந்து பார்த்தால் விற்காத போர்வை ஒன்பது அடுக்கியிருந்தது. மாதம் 20 போர்வைக்கு ஆர்டர் இருந்தால் கதை வேறு. அப்போது 70 மணி நேரம், 3,500 ரூபாய் மிச்சம். வட்டி போனாலும் மூன்று வருடத்தில் மெஷின் தன் காசைத் தானே அடைத்துவிடும்.

தலைவி அப்போதுதான் உண்மையான காரணத்தைச் சொன்னார். ஒரு வியாபாரி பன்னிரண்டு போர்வையைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மூலைக்கு மூலை சேரவில்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று. "கையால வெட்டறதாலதான் அளவு தப்புது, மெஷின் வெட்டினா ஒரே மாதிரி வரும்" என்பது அவர் எண்ணம்.

வந்த போர்வை ஒன்றைப் பிரித்துத் துண்டுகளை அளந்து பார்த்தோம். வெட்டு கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. தப்பு தையலில். மடிப்புக்குக் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் விட வேண்டும். ஒருவர் இரண்டு நூல் விடுகிறார், இன்னொருவர் மூன்று நூல். ஒரு நூல்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணி சேர்வதால் அது இரண்டு நூலாகிறது. 15 துண்டுள்ள வரிசையில் 14 தையல். 28 நூல், மூன்றரை அங்குலம்! இப்படி இரண்டு பேர் தைத்த வரிசைகளைச் சேர்த்தால் மூலை எப்படிச் சேரும்? வெட்டில் ஒரு நூல் தப்பினால்கூட வரிசைக்கு இரண்டு அங்குலத்துக்குள்தான் போகும். 90,000 ரூபாய் மெஷின் வாங்கினாலும் இந்தக் குறை அப்படியே இருந்திருக்கும்.

இதற்கு வைத்தியம் சுலபம். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து தையல் மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்ட வேண்டும். துணி ஓரம் அந்த டேப்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகு நாலரை அங்குலத் துண்டு மூன்றைச் சேர்த்துத் தைத்துப் பாருங்கள். நடுத்துண்டு சரியாக நாலு அங்குலம் இருந்தால் மெஷின் சரி. அன்று மதியமே ஆறு மெஷினிலும் ஒட்டிவிட்டோம். டேப்புக்கு ஆன செலவு டீச் செலவை விடக் குறைவு.

இன்னொன்றும் பார்த்தோம். அந்தக் குழுவில் வெட்டும் வேலை பார்ப்பது வயதான இரண்டு பெரியம்மாக்கள். ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாது, மெஷின் மிதிக்க முட்டி விடாது. வெட்டுக் கூலிதான் அவர்கள் வருமானம். மெஷின் வந்தால் அவர்களுக்கு என்ன வேலை என்று நாங்கள் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. அதே சமயம், மணிக்கட்டு வீங்கிப்போனதும் அவர்களுக்குத்தான். கை சுற்றும் மெஷினை அவர்களே ஓட்டலாம் என்றால் அது வாங்குவதற்கு ஒரு நல்ல காரணம். தீர்மானம் போடும்போது அந்த இருவரையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

துண்டுத் துணி வாங்குபவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. டையை விடப் பெரிய துண்டாக இருந்தால்தான் மெஷினில் வைக்க முடியும். கத்திரிக்கோல் என்றால் நெளிந்த துண்டிலும் ஒரு சதுரம் தேற்றிவிடுவோம். மெஷினில் அது கழிவு. கிலோவுக்கு எவ்வளவு கழிகிறது என்று பார்க்காமல் லாபக் கணக்குப் போடக் கூடாது.

கடைசியில் குழு எடுத்த முடிவு, இப்போதைக்கு மெஷின் வேண்டாம். அட்டை தேய்ந்து அளவு மாறுவதால், நாலரை அங்குலத்துக்குத் தகரத்தில் அளவுச் சட்டம் செய்துகொண்டார்கள். உருளும் வட்டக் கத்தியும் அதற்கான பாயும் ஒரு செட் வாங்கினார்கள். அதில் நாலு மடிப்பு வெட்டலாம், மணிக்கட்டுக்கும் வலி குறைவு. கத்தி பிளேடு போலக் கூர், குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடி வைக்க வேண்டும். ஒன்பது போர்வையையும் விற்றபின், தொடர்ந்து ஆறு மாதம் 20 போர்வை ஆர்டர் வந்தால் விண்ணப்பத்தை மறுபடி எடுப்பதாக நோட்டில் எழுதியிருக்கிறார்கள்.

ஏற்கனவே ஆர்டர் இருக்கிறது, ஒரே வடிவம்தான் திரும்பத் திரும்ப வெட்டுகிறோம் என்னும் குழுக்கள் தாராளமாக வாங்கலாம். பூ, வட்டம், இலை என்று வளைவு வெட்டுபவர்களுக்கு மெஷின் நிஜமாகவே பெரிய உதவி. துணி நாப்கின் தைப்பவர்களுக்கும் அப்படியே. ஆனால் விற்பவர் காட்டும் புதுத் துணியைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் மூட்டையிலிருந்தே துணி எடுத்துப் போய் ஆறு மடிப்பு வெட்டச் சொல்லுங்கள். பாவு நூல் உருளைக்குள் போகும் திசையிலேயே இருக்கும்படி வையுங்கள், குறுக்கே வைத்தால் துணி இழுபட்டு அளவு மாறும். வெட்டிய ஆறையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் தகடு வெட்டு விழுந்து தேயும், அது தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, டை மழுங்கினால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மெஷின் கடன் கேட்டு வரும் குழுக்கள் இனிமேல் விண்ணப்பத்தோடு மூன்று மாத ஆர்டர் நோட்டையும், ஒரு பொருள் தைத்த மணிக்கணக்கையும் கொண்டு வாருங்கள். நோட்டு எழுதத் தெரியவில்லை என்றால் உங்கள் ஊக்குநரிடம் சொல்லுங்கள், நாங்கள் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.