பாதம் ஒரே நேரத்தில் எவ்வளவு படிக்கும்?

ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் பதித்திருக்கும் மஞ்சள் டைல்ஸ் அழகுக்காக வைத்தவை அல்ல, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டுபவை. நீளக் கோடுகள் இருந்தால் இப்படியே நடக்கலாம். குமிழ்கள் தட்டுப்பட்டால் நிற்க வேண்டும், முன்னால் படியோ சாலையோ தண்டவாளமோ இருக்கிறது. ஜப்பானியரான செய்ஈச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய இந்த ஏற்பாடு, 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது.

வடிவங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பாதத்துக்குப் பிடிபடாது. கண் ஒரே பார்வையில் பலகை, விளக்கு, வண்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். தோலுக்கு அந்த வசதி இல்லை. 2006-இல் கல்லாசே, டான், ஸ்பென்ஸ் என்ற ஆய்வாளர்கள், உடலின் பல இடங்களில் ஒரே நேரத்தில் அதிர்வு கொடுத்து எத்தனை என்று கேட்டார்கள். எண்ணிக்கை கூடக்கூடத் தவறுகளும் கூடின. அவர்களே செய்த இன்னொரு சோதனையில், இரண்டு அதிர்வு வடிவங்களுக்கு நடுவே குறுக்கே ஓர் அதிர்வைப் புகுத்தினார்கள். வடிவம் மாறியதைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டது.

இதை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கோலுடன் நடப்பவர் ஹார்ன் சத்தத்தில் வண்டியின் திசையைப் பிரித்தறிகிறார், திருப்பத்தை நினைவில் வைத்திருக்கிறார், கூடவே காலடியையும் உணர்கிறார். அங்கே உடைந்த ஓடு, குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கோடு, பாதை நடுவே மின்கம்பம் என்றிருந்தால், உண்மையான எச்சரிக்கை தவறிப்போவது அவர் கவனக்குறைவல்ல. தேவையில்லாத இடமெல்லாம் குமிழ் பதிப்பதும் ஆபத்துதான். எங்கும் எச்சரிக்கை என்றால் எதை நம்பி நிற்பது? பாதையின் மேல் பைக்கை நிறுத்துகிறவரும் கடைப் பெட்டியை வைக்கிறவரும் ஒருவரை வண்டிகள் ஓடும் சாலையில் இறக்கிவிடுகிறார்கள்.

தடையற்ற நடைபாதையும் போக்குவரத்தும் சலுகையல்ல, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

தவறாகப் பதித்த டைல்ஸைப் பார்த்தால், இடமும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து மாநகராட்சிக்கோ ரயில் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பார்வையுள்ளவர்கள்தான் இதை முதலில் செய்ய வேண்டும். அவர்களுக்குக் குழி தூரத்திலேயே தெரிகிறது. நடவடிக்கை இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம், ரயில் நிலையம் என்றால் தலைமை ஆணையரிடம் முறையிடலாம். உரிமை மறுப்பை அவர் தாமாகவே முன்வந்தும் விசாரிக்கலாம். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அந்தத் துறை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.